வக்கீல் ஆபீஸுக்கு என்ன போட்டுட்டுப் போறது?

பண்ருட்டி வாசகி, 2025 ஜூன் 3, மாலை 6.15

அக்கா, லா முடிச்சாச்சு, அடுத்த மாசம் என்ரோல்மென்ட், அதான் வக்கீலா பதிவு பண்றது. கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு சீனியர் ஆபீஸ்ல சேரச் சொல்லியிருக்காங்க. கோர்ட்டுக்கு என்ன போடணும்னு ஓரளவு தெரியும். ஆபீஸுக்கு என்ன போடறது? காலைல 9 மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் 6லேர்ந்து 9 வரைக்கும் இன்னொரு தடவை ஆபீஸ் இருக்குமாம். அம்மா கலர் சுடிதாரே போதும்ங்கறாங்க. கூடப் படிச்சவ ஒருத்தி, கருப்பு வெள்ளைய விட்டா எவனும் மதிக்க மாட்டான்னு பயமுறுத்தறா. கையில மொத்தமா 6,000 ரூபா தான் இருக்கு. கோட்டு, அதுக்கு மேல மாட்டற கவுன், ஷூ எல்லாம் இதுக்குள்ள முடியணும்.

ஜூன் 3, இரவு 10.40

உன் ஃப்ரெண்டு சொல்றது தான் சரி. கருப்பு வெள்ளை. ஆபீஸும் அதே தான், கோர்ட்டும் அதே தான், யோசிக்கவே யோசிக்காத.

நான் இதே மஞ்சக்குப்பத்துல ஏழு வருஷமா வக்கீலா இருக்கேன். சேர்ந்த முதல் வாரம் மாம்பழக் கலர் சுடிதார்ல உக்காந்திருந்தேன், ஒரு கட்சிக்காரர், அதான் கேஸ் விஷயமா நம்மகிட்ட வர்றவரு, உள்ள வந்தாரு, சுத்தி முத்தி பாத்தாரு, "பாப்பா, வக்கீல் வர்றதுக்குள்ள ஒரு டீ சொல்லும்மா"ன்னாரு. கடுப்பு என்னன்னா நானும் எந்திரிச்சுப் போய் சொல்லிட்டேன். சர்க்கரை வேணுமான்னு வேற கேட்டேன். மறுநாள்லேர்ந்து கரண்ட் இருக்கோ இல்லையோ, கோட்டோட தான் உக்காருவேன்னு முடிவு பண்ணேன். உன்கிட்டயும் அதையே தான் சொல்லுவேன்.

வெள்ளை சல்வார் மூணு செட், கோட்டு ஒண்ணு, பேண்ட்ஸ் (கால்சட்டை இல்ல, கழுத்துல கட்டற வெள்ளைப் பட்டி) நாலு, கருப்பு ஷூ ஒரு ஜோடி. கவுன் இப்ப அவசரமா வாங்காத, அதைப் பத்தி நாளைக்கு எழுதறேன்.

ஜூன் 4, காலை 7.20

கவுன் விஷயம். வக்கீல்களுக்கான பார் கவுன்சில் ரூல்படி கவுன் கட்டாயம் சுப்ரீம் கோர்ட்லயும் ஹைகோர்ட்லயும் மட்டும் தான், மத்த இடத்துல உன் இஷ்டம். நம்ம ஊர் கோர்ட்ல வருஷத்துக்கு எத்தனை தடவை மாட்டப் போற? என்ரோல்மென்ட் அன்னைக்கு சென்னைல வேணும், அதுக்கு ஒரு நாள் இரவல் வாங்கிக்கோ. நான் வாங்கினது யாரோ ஒரு ஆறடி ஆள் கவுன், ஃபோட்டோல பாத்தா கூடாரத்துக்குள்ளேர்ந்து தலைய நீட்டின மாதிரி இருக்கேன். அம்மா அந்த ஃபோட்டோவத் தான் ஹால்ல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்க.

துப்பட்டா வெள்ளை, இல்லன்னா கருப்பு. போடாமலும் இருக்கலாம், ஆனா போட்டா அந்த ரெண்டு கலர் தான். புடவைன்னா வெள்ளை, கருப்பு, இல்ல மங்கலான ஏதாவது கலர், பூ டிசைன் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு நாள் அவசரத்துல மஞ்சள் துப்பட்டாவோட முன்சீஃப் கோர்ட்ல போய் நின்னுட்டேன், கோட்டு மூடிடும்னு ஒரு நெனப்பு. நீதிபதி மேலேர்ந்து ஒரே கேள்வி, "என்ன அட்வகேட், வீட்ல விசேஷமா?" கோர்ட்டே சிரிச்சுது. அன்னைக்கு நான் கேட்ட வாய்தாவ உடனே குடுத்துட்டாங்க, அது வேற கதை.

வெயில் காலத்துல கோட்டு வேணாம். டை கட்டவே கூடாது, பேண்ட்ஸ் தான்.

ஜூன் 4, இரவு 9.05

காலைல எழுதினதுல ரெண்டு தப்பு, எங்க ஆபீஸ் குமாஸ்தா அண்ணா பிடிச்சிட்டாரு. வெயில் காலத்துல கோட்டு கட்டாயமில்லைங்கறது கீழ் கோர்ட்டுக்குத் தான், ஹைகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் அந்தச் சலுகை ரூல்ல இல்ல. டையும் கட்டலாம். மாவட்ட கோர்ட், செஷன்ஸ் கோர்ட், சிட்டி சிவில் கோர்ட், அதுக்கு மேல இருக்கறதுன்னா பேண்ட்ஸ் தான், அதுக்குக் கீழ உள்ள கோர்ட்ல பேண்ட்ஸுக்குப் பதிலா கருப்பு டை போகும். ஆனா நான் இங்க யாரும் டை கட்டிப் பாத்ததில்ல. கட்டினா மெடிக்கல் ரெப்புன்னு நெனச்சிடுவாங்களோ என்னமோ.

ஜூன் 5

ஊக்கு. கருப்புத் தலை ஊக்கு ஒரு டஜன் பைல எப்பவும் கெடக்கட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

6,000 ரூபா கணக்கு. நான் இன்னைக்கு நிதானமா இருக்கேன், அதனால பெருசா வரும்.

கோட்ட ரெடிமேட்ல எடுக்காத. லாரன்ஸ் ரோட்ல துணி எடுத்து தைக்கக் குடு. டெர்ரி காட்டன் கேளு, கம்பளி மாதிரி கனமா ஒண்ணு எடுத்துக் காட்டுவாங்க, "லாயர் கோட்டு துணின்னா இது தான் மேடம்"பாங்க, அதை வாங்கினா கடற்கரை ஊர்ல வெந்து போயிடுவ. அளவு எடுக்கறப்போ எல்லாரும் கைய தொங்கப் போட்டு விறைப்பா நிப்பாங்க. நீ கைய முன்னாடி நல்லா நீட்டிக் காட்டு, கேஸ் கட்டை பெஞ்ச் கிளார்க் கிட்ட எட்டிக் குடுக்கற மாதிரி. என் முதல் கோட்டு விறைப்பா நின்னப்போ அம்சமா இருந்துச்சு, முதல் தடவை கட்டை நீட்டினேன், அக்குள்ல டர்ருனு ஒரு சத்தம். அன்னைக்குப் பூரா முழங்கைய இடுப்போட ஒட்டி வெச்சுக்கிட்டே வாதாடினேன், கோழி மாதிரி.

எனக்கு துணி, தையல், லைனிங் எல்லாம் சேத்து அப்போ 1,900 ஆச்சு. இப்ப கூட தான் இருக்கும், 3,000 ஒதுக்கி வெச்சிக்கோ. வெள்ளை சல்வாருக்கு பாண்டி சண்டே மார்க்கெட் போ. காந்தி வீதி முழுக்க கடை போட்டிருப்பாங்க, பேரம் பேசத் தெரியணும், எங்க அத்தைய கூட்டிட்டுப் போவேன், அவங்க "இன்னா வெல சொல்ற நீ"ன்னு ஆரம்பிச்சாலே பாதி கொறையும். ஆனா வெள்ளைத் துணிய வெயில்ல விரிச்சு உள்ளங்கைய பின்னாடி வெச்சுப் பாரு. கை ரேகை தெரிஞ்சா வெச்சிட்டு வந்துடு.

ஷூவுக்கு கஞ்சத்தனம் பண்ணாத. கோர்ட்டுங்கறது நிக்கற வேலை. சமாதானம், சாட்சி, வாதம் எல்லாம் அப்புறம், முதல்ல கால் வலி. ஹீல்ஸ் வேணவே வேணாம், நம்ம வராண்டா தரைல டக்கு டக்குனு நடந்தா டவாலி கூட திரும்பிப் பாப்பாரு.

சம்பளத்த நம்பி எதையும் கடன்ல எடுக்காத, அதையும் சொல்லிடறேன். 2024 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட், பாண்டிச்சேரி வக்கீல்கள் சேமநல நிதி சம்பந்தமா வந்த ஒரு வழக்குல, ஜூனியருக்கு சென்னை, மதுரை, கோவைல மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குறைஞ்சபட்சம் குடுக்கணும்னு பார் கவுன்சிலுக்கு சொல்லிச்சு. நல்ல விஷயம் தான். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆபீஸ்ல சர்க்குலர் வந்துச்சு, சம்பளம் வரல. "நாங்கள்லாம் ஜூனியரா இருந்தப்போ பஸ் காசு தான்"ங்கற கதைய மட்டும் மாசம் ஒண்ணாம் தேதி கரெக்டா குடுத்துடறாங்க.

ஜூன் 11

வெள்ளைத் துணி எப்படி வெள்ளையாவே இருக்கும்னு ஒரு தம்பி கேட்டிருக்காரு. இருக்காது தம்பி. எவ்வளவு நாள் தள்ளிப் போடறோம்ங்கறது தான்.

எங்க ஏரியா போர் தண்ணி உப்பு. அதுல துவைச்சா நாலு மாசத்துல சாம்பல் கலர் தட்டிடும். கடைசி அலசலுக்கு மட்டும் மழைத் தண்ணியோ நல்ல தண்ணியோ ஒரு வாளி எடுத்து வெச்சிக்கிறேன், ரெண்டு சொட்டு நீலம், அவ்வளவு தான். நீலத்த நேரா துணி மேல ஊத்துனீங்கன்னா திட்டு திட்டா நிக்கும், முதல்ல தண்ணில கலக்கிட்டு அப்புறம் துணி. அக்குள்ல மஞ்சளா வருதே, அது வெறும் வேர்வை இல்ல, வேர்வை வராம இருக்க பூசறமே அதுல இருக்கற அலுமினியமும் வேர்வையும் சேர்ந்து பண்ற வேலை. அதுக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்டீங்கன்னா இன்னும் மஞ்சளாகும், ஒரு நல்ல குர்தாவ அப்படித் தான் நான் கொன்னேன்.

பேனா மை பட்ட கறைக்கு எதுவும் கேக்காதீங்க. என் வெள்ளை சல்வார்ல இடுப்புக்குக் கொஞ்சம் மேல ஒரு மைக் கறை இருக்கு, பேனா மூடிய சரியா போடாம கோட்டுக்குள்ள சொருகினதுல வந்தது, ஏழு வருஷமா அங்கயே குடியிருக்கு. கோட்டு மூடிடும்ங்கறதால தூக்கிப் போடல. அந்தக் கறைக்கு ஒரு கதை இருக்கு, எழுதலாமா வேணாமான்னு யோசிச்சிட்டிருக்கேன்.

கோட்டை வீட்ல துவைக்காதீங்க. காலர் உள்பக்கம் வெள்ளையா உப்பு பூக்கும், ஈரத் துணியால தெனமும் ஒரு தொடை, நிழல்ல காத்தாட ஒரு தொங்கல். வெயில்ல போட்டா ஒரே கோடைல கருப்பு போயி காப்பிக் கலர் வரும். இஸ்திரி வண்டிக்காரர் கிட்ட கோட்டு குடுத்தா மேல ஒரு வேட்டித் துணி போட்டு தேய்க்கச் சொல்லணும், இல்லன்னா பளபளன்னு மினுக்கும், முழங்கை ரெண்டும் பழைய சட்டி அடி மாதிரி.

ஜூன் 15, ஞாயிறு, இரவு 11.50

முதல் நாள் எழுதினத வாபஸ் வாங்கறேன். மொத்தமா இல்ல, பாதி. ஆபீஸ்லயும் கோட்டு போட்டே உக்காருன்னு சொன்னேன்ல, அது.

அந்தக் கறைக் கதை. ஊரு, உறவு, சொத்து விவரம் எல்லாம் மாத்திட்டேன், யாரும் தேடாதீங்க.

ஒரு பாட்டி, அறுபத்தஞ்சு வயசு இருக்கும், நெல்லிக்குப்பம் பக்கம்னு வெச்சிக்கோங்க. அண்ணன் தம்பிங்க பூர்வீக நிலத்த வித்துட்டாங்க, தனக்குப் பங்கு வேணும்னு வந்தாங்க. எதிர்ப்பக்கம் ஒரு விடுதலைப் பத்திரம் வெச்சிருக்கு, பாட்டி தன் பங்க அண்ணன் தம்பிக்கே விட்டுக் குடுத்ததா. பாட்டி, நான் கையெழுத்தே போடல, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசப்படியே மிதிக்கல, அம்புட்டும் பொய்னாங்க. மூணு தடவை வந்தாங்க, மூணு தடவையும் அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாம. நான் மேசைக்கு அந்தப் பக்கம் கோட்டு பேண்ட்ஸ் எல்லாம் மாட்டிக்கிட்டு உக்காந்து, பேனாவ ஆட்டி ஆட்டி கேள்வி கேட்டுட்டிருந்தேன். பாட்டி நாற்காலி நுனில உக்காந்து கைய கட்டிக்கிட்டு பதில் சொன்னாங்க. "ஆமாங்கம்மா. இல்லீங்கம்மா." எங்க சீனியர் சார் பிராது, அதான் வழக்கு மனு, ட்ராஃப்ட் பண்ணச் சொல்லிட்டாரு, பத்திரமே போலின்னு.

நாலாவது தடவை வந்தன்னைக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் செத்துப் போயி ஒரு மாசம் ஆகுது. பத்து நிமிஷம் தாக்குப் பிடிச்சேன், அப்புறம் முடியல, கோட்டைக் கழட்டி நாற்காலில போட்டேன், பேண்ட்ஸையும் அவுத்துட்டேன். மெழுகுவத்தி வெளிச்சத்துல பாட்டி என் இடுப்பப் பாத்தாங்க.

"இன்னா பாப்பா, மை கொட்டிக்கிட்டியா?"

ஆமா பாட்டின்னேன். அதுவரைக்கும் நான் அவங்கள அம்மான்னு தான் கூப்பிட்டிருந்தேன், அவங்க என்னை வக்கீலம்மான்னு.

"எலுமிச்சம்பழம் தேய்ச்சியா? உப்பு வெச்சி?"

எல்லாம் பண்ணேன், போவலன்னேன்.

"போவாது. எனக்கும் கட்டவெரல்ல இருந்துச்சே, நாலு நாளு போவல. சோத்துல கை வெக்கவே கூச்சமா இருந்துச்சி."

எப்போ பாட்டின்னேன். சாதாரணமா, விசிறிக்கிட்டே கேட்டேன், எனக்கு மட்டும் நெஞ்சு அடிச்சுக்குது.

"அதான், அந்த ஆபீஸ்ல. வீட்டு வரிய அவன் பேருக்கு மாத்தணும், நீ ஒரு கை வெச்சிட்டு வந்துடுன்னு கூட்டிட்டுப் போனான். பிரியாணி வாங்கிக் குடுத்தான்."

அப்போ போனாங்க. கைநாட்டு வெச்சாங்க. போலி இல்ல, ஏமாத்து. இந்த ரெண்டுக்கும் நடுவுல தான் கேஸே இருக்கு. போலின்னு பிராது போட்டிருந்தா, சார் பதிவாளர் ஆபீஸ் கைரேகைப் பதிவேட்ட வரவழைப்பாங்க, ரேகை ஒத்துப் போகும், கிராஸ்ல, அதான் எதிர் வக்கீலோட குறுக்கு விசாரணைல, பாட்டி பொய் சொன்னவங்களா நிப்பாங்க, அதோட முடிஞ்சுது. ஏமாத்தி வாங்கினதுன்னா அது வேற வழக்கு, யாரு, எங்க, என்ன சொல்லி கூட்டிட்டுப் போனாங்கன்னு பிராதுல விவரமா சொல்லணும், தெரிய வந்த நாள்லேர்ந்து 3 வருஷத்துக்குள்ள பத்திரத்த ரத்து பண்ணக் கேக்கணும். பாட்டிக்கு விஷயம் தெரிஞ்சு ரெண்டே கால் வருஷம் ஆகியிருந்துச்சு.

ஏன் பாட்டி முன்னாடியே சொல்லலன்னு கேட்டேன். அவங்க நாற்காலில கெடந்த கோட்டைக் காட்டினாங்க. "அத்தப் பாத்தா கோர்ட்ல நிக்கற மாதிரியே இருந்துச்சி. பிரியாணி தின்னுட்டு கை வெச்சேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி."

அதுலேர்ந்து சாயங்கால ஆபீஸ்ல நான் கோட்டு போடறதில்ல. காட்டன் புடவை, இல்ல ஏதாவது அழுக்குத் தெரியாத கலர் சுடிதார். கோட்டு ஆணில தொங்கும், கட்சிக்காரர் கண்ணுல படற மாதிரி, ஆனா என் மேல இல்ல. காலைல 9 மணி ஆபீஸ்னா போட்டுக்கோ, ஏன்னா அங்கேர்ந்து நேரா கோர்ட்டு. ரெண்டுக்கும் ஒரே பதில் சொன்னது தான் நான் பண்ண தப்பு.

ஜூன் 16

சினிமா மாதிரி இருக்குன்னு ஒருத்தர் போட்டிருக்கீங்க. கரண்ட் போனது எங்க ஊர்ல சினிமா இல்லைங்க.

இன்னொருத்தர் கேட்டது நியாயம்: அப்போ டீ சொல்லச் சொன்ன ஆளு? இன்னும் வர்றாங்க. போன வாரம் கூட ஒருத்தர் "வக்கீல் ஐயா இல்லியா"ன்னு என் தலைக்கு மேல எட்டிப் பாத்தாரு. இப்ப நான் டீ சொல்லிட்டு, டீ வர்றதுக்குள்ள அவரு கேஸோட ஓ.எஸ். நம்பர் (சிவில் வழக்கு நம்பர்), அடுத்த வாய்தா தேதி, போன தடவை ஏன் தள்ளிப் போச்சுன்னு மூணையும் சொல்லிடறேன். டீ வர்றப்போ எந்திரிச்சு வாங்கி என்கிட்ட நீட்டறாரு. ஆனா ஒண்ணு, இதுக்கு எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு. நேத்து சேர்ந்த பொண்ணுக்கு ஓ.எஸ். நம்பர் எல்லாம் தெரியாது, அவளுக்கு அந்தக் கோட்டு தேவை தான். அதனால முதல் ஆறு மாசம் உன் மனசுக்கு எது தைரியமோ அதைப் போடு. நான் பாதி வாபஸ் வாங்கினதுல பாதிய திருப்பி எடுத்துக்கறேன்.

ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ், ஈ.பி. இங்கெல்லாம் கோட்டு வேலை செய்யும், நாற்காலி கெடைக்கும். ஆனா பேண்ட்ஸையும் கவுனையும் கோர்ட்டுக்கு வெளிய பொது இடத்துல மாட்டிக்கிட்டு திரியக் கூடாதுன்னு நடத்தை விதியிலயே இருக்கு. டீக்கடைல பேண்ட்ஸோட நிக்கற சீனியருங்கள நான் தெனமும் பாக்கறேன், அவங்ககிட்ட நீ போய் சொல்லு, நான் சொல்ல மாட்டேன்.

பேண்ட்ஸ்னதும் நெனவு வருது. கோர்ட் வாசல்ல ஒரு சின்னப் பையன் அவங்கம்மா கிட்ட, "அந்த ஆன்ட்டி சாப்புடப் போறாங்களா?"ன்னு கேட்டான். சட்டைல சிந்தாம இருக்க கட்டினதாம்.

ஜூன் 22, ஞாயிறு

செருப்பு போட்டுட்டுப் போலாமா, ஷூ தானான்னு கேள்வி வந்திருக்கு. பார் கவுன்சிலோட உடுப்பு விதியில காலுக்கு எதுவும் சொல்லல, கருப்பு ஷூங்கறது பழக்கம். ஆனா செருப்பு ஷூ கேள்விக்கு பாண்டிச்சேரிய விட்டுட்டு பதில் சொல்ல முடியாது.

1873ல பாண்டிச்சேரில பொன்னுத்தம்பி பிள்ளைன்னு ஒரு வக்கீல். வெள்ளைக்காரங்க மாதிரி ஷூவும் சாக்ஸும் போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குள்ள வந்தாரு. நீதிபதி கூடாதுன்னாரு. உள்ளூர்க்காரன் உள்ளூர்க்காரன் மாதிரி வரணும்ங்கறது அவரு எண்ணம். இவரு விடல, பாரிஸ்ல இருக்கற மேல் கோர்ட்டு வரைக்கும் எடுத்துட்டுப் போயி ஜெயிச்சாரு. கப்பல்ல பேப்பர் போய் வந்த காலம். அதுக்கப்புறம் 1881 செப்டம்பர் 21ல பிரெஞ்சு அரசாங்கம் ஒரு ஆணை போட்டுச்சு, இந்தியர்ல விருப்பப்பட்டவங்க தங்களோட சாதி, மத தனிச் சட்டத்த விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வரலாம், அப்படி வர்றவங்க ஒரு குடும்பப் பேர் வெச்சுக்கணும்னு. பொன்னுத்தம்பி வெச்சுக்கிட்ட பேரு லபோர்த். பிரெஞ்சுல கதவுன்னு அர்த்தம். பாண்டில லபோர்த் வீதி இருக்கு, வண்டில போறவங்க போர்டப் பாத்திருப்பீங்க.

இத குமாஸ்தா அண்ணா கிட்ட சொன்னேன். "ஷூ போட்டதுக்கு பாரிஸ் வரைக்குமா? இங்க ஷூ போடாததுக்கு தானேம்மா திட்டறாங்க"ன்னாரு.

அந்தச் சட்டம் இன்னும் செத்துப் போகல, அது தான் வேடிக்கை. அந்தக் குடும்பங்களோட வாரிசுங்களுக்கு சொத்து விஷயத்துல இன்னைக்கும் பிரெஞ்சு சிவில் சட்டம் தான். கடலூர் ரோட்ல இருக்கற பாண்டி கோர்ட்டுக்கு அப்படி ஒரு பாகப்பிரிவினை கேஸுக்கு சாரோட போனேன், கட்சிக்காரர் பேரு வாயில நுழையல, அவரோ சுத்தமான வில்லியனூர் தமிழ் பேசறாரு. அன்னைக்கு என் ஷூ பிஞ்சு போயி, நான் ரப்பர் செருப்புல நின்னேன். பொன்னுத்தம்பி பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ.

ஜூலை 2

ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் எழுதலன்னு கோவம். உங்களுக்கு என்ன, வெள்ளைச் சட்டை, கருப்புக் கோட்டு, பேண்ட்ஸ், கால்சட்டைல ஜீன்ஸ் மட்டும் கூடாது, முடிஞ்சுது. வேட்டி கட்டிக்கிட்டும் கோர்ட்ல ஆஜராகலாம், ரூல்லயே இருக்கு. யாரும் கட்டறதில்ல. 2014ல ஒரு ஹைகோர்ட் நீதிபதியையே வேட்டி கட்டினதுக்காக சென்னைல ஒரு கிளப்புல உள்ள விடல, அப்புறம் அதே வருஷம் அப்படித் தடுக்கக் கூடாதுன்னு தமிழ்நாட்ல சட்டமே வந்துச்சு. சட்டம் வந்தப்போ வேட்டி வேட்டின்னு குதிச்சவங்க எல்லாம் மறுநாள் கால்சட்டைல தான் வந்தாங்க.

எங்க ஆபீஸ்ல வேட்டி கட்டறது குமாஸ்தா அண்ணா ஒருத்தர் தான். முப்பது வருஷமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெத்தில விபூதி. புதுக் கட்சிக்காரர் வந்தா முதல்ல அவரைத் தான் கும்பிடுவாங்க. சார் பக்கத்துல நின்னா கூட. அவரும் சும்மா இருக்க மாட்டாரு, ஒரு நொடி கும்பிட வாங்கிட்டு, அப்புறம் தான் "ஐயா அவரு"ன்னு கைய காட்டுவாரு. என் பேண்ட்ஸ் ரெண்டு ஜோடி அவரு பழைய டைரிக்குள்ள எப்பவும் இருக்கும், ஒவ்வொரு ஜோடியும் தனித்தனிப் பக்கத்துல, இஸ்திரி போட்ட மாதிரி. மறந்துட்டு வந்தா "மார்ச் பதினாலு எடுத்துக்கோம்மா"ம்பாரு.

ஜூலை 3

முப்பது இல்லையாம், முப்பத்தி நாலாம். திட்டிட்டாரு.

நவம்பர் 9, ஞாயிறு

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. மழை ஆரம்பிச்சாச்சு, அதனால ஒண்ணு மட்டும். கோட்டுல பூஞ்சை வரும். கருப்புல சாம்பல் புள்ளி புள்ளியா, பீரோவ தொறந்தாலே நாத்தம். அந்துருண்டை போட்டா பூச்சி வராது, பூஞ்சை வரும். வாரத்துக்கு ஒரு நாள் வெளிய எடுத்து ஃபேனுக்குக் கீழ ஒரு மணி நேரம் தொங்க விடு. போன வருஷம் ஃபெஞ்சல் மழைல தென்பெண்ணை தண்ணி வந்தப்போ எங்க ஆபீஸ் கீழ் ரேக்ல இருந்த கட்டெல்லாம் நனைஞ்சுது, மூணு நாள் நானும் அண்ணாவும் நைட்டியும் லுங்கியுமா பக்கம் பக்கமா பிரிச்சு மொட்டை மாடில காய வெச்சோம். அப்போ ஒரு கட்சிக்காரர் தன் கட்டு என்னாச்சோன்னு ஓடி வந்தாரு, என்னைப் பாத்து "மேடம்"னாரு. அந்த நைட்டில.

நவம்பர் 21

பாட்டிக்கு நேத்து கிராஸ். காலைல எட்டரைக்கே ஆபீஸ் வாசல்ல வந்து உக்காந்திருந்தாங்க, வெளுத்த புடவை, தலை நிறைய எண்ணெய். நான் பழக்க தோஷத்துல கோட்ட கைல மடிச்சு எடுத்துக்கிட்டு வந்தேன், வெயில் இல்ல, இருந்தாலும் கோர்ட் வராண்டால போய் மாட்டிக்கலாம்னு.

"அத்த மாட்டிக்க பாப்பா"ன்னாங்க.

ஏன் பாட்டி, பயமா இருக்கும்னீங்களே.

"எனக்கு இல்ல. அவனுங்க வருவானுங்கல்ல. பாக்கட்டும்."

ஆபீஸ் வாசல்லயே மாட்டிக்கிட்டேன். பேண்ட்ஸ மட்டும் கோர்ட்டுக்குள்ள போய் கட்டினேன், விதி விதி தான். கூண்டுக்குப் பக்கத்துல நான் நின்னேன். எதிர் வக்கீல் பிரியாணி விஷயத்த எடுத்து நக்கல் பண்ணாரு, பாட்டி அசரல, "ஆமாங்க தின்னேன், கோழி பிரியாணி, நல்லாவே இல்ல"ன்னாங்க. கேஸ் இன்னும் நடக்குது, மேல எதுவும் எழுத மாட்டேன்.

நவம்பர் 23

பண்ருட்டிப் பொண்ணு இப்ப தான் எழுதியிருக்கா. சேர்ந்து நாலு மாசம் ஆச்சாம், முதல் நாளே ஒருத்தர் டைப்பிஸ்ட்னு நெனச்சு ரெண்டு பக்கம் அஃபிடவிட் அடிக்கச் சொன்னாராம், கோட்டு போட்டிருந்தும். அடிச்சுக் குடுத்துட்டாளாம். அதுல மூணு தப்பு இருந்துச்சாம், அந்த ஆளே பேனால திருத்திக் குடுத்தாராம், அப்புறம் தான் தெரிஞ்சுதாம் அவரு ரிட்டயர்டு கோர்ட் சிரஸ்தாரு, அதான் கோர்ட் ஆபீஸ் தலைமை எழுத்தருன்னு.

போய் அவருகிட்ட இன்னும் ரெண்டு அஃபிடவிட் வாங்கிட்டு வந்து அடி. புதுக் கோட்டு தைக்கக் குடுக்கப் போறதா சொல்ற, உள்பக்கம் பாக்கெட் வைக்கச் சொன்னியா? லேடீஸ் கோட்டுக்கு அவங்களா வைக்க மாட்டாங்க. பேனா பாக்கெட் தனியா, இடது பக்கம், மூடியோட.

நவம்பர் 23, இரவு

பேனா மூடிய சொன்னேன். பாக்கெட்டுக்கு மூடி வேணாம்.